தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலை செஞ்சிக் கோட்டையின் மதில்களுக்குள் புகுந்துதான் போகிறது. ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்களின் வேன்கள், அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் திரளும் கூட்டம், அறுவடை நாட்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் ஏற்றிவரும் வண்டிகள் என எல்லாமே இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி ராஜகிரி ஏற வருகிறவர்களும் கூடுவார்கள்.

இதே சாலையில் நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸும் ஓடுகிறது. செஞ்சி அரசு மருத்துவமனையில் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்று எழுதிவிட்டால், வண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும். இரண்டுமே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் என்றால் 60 கிலோமீட்டருக்கும் மேல். வண்டிக்குள் படுத்திருப்பவர் பூச்சிமருந்து குடித்தவராக இருக்கலாம். பாம்பு கடித்தவராக, பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவராக, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காதவராக இருக்கலாம். மாநகரத்துப் பெரிய மருத்துவமனைகளின் விளம்பரப் பலகையில் இவர்கள் முகம் இருக்காது. ஆனால் தீவிர சிகிச்சை என்ற மருத்துவத் துறை யாருக்காக இருக்கிறது என்று கேட்டால், முதல் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

கடந்த 25 ஆண்டுகளில் அந்தத் துறையில் நடந்த பெரிய ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் படித்தால் ஒன்று விளங்கும். உயிர்களைக் காத்த மாற்றங்களில் பலவும் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கியதால் வந்தவை அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் படுக்கையருகே நின்று மணிக்கு மணி பார்த்து, தொட்டு, எண்ணி, எழுதி, மாறுதல் தெரிந்த உடனே சொன்னதால் வந்தவை. அந்த ஒருவர் செவிலியர். செஞ்சிக்கும் செஞ்சி போன்ற மற்ற வட்டத் தலைநகரங்களுக்கும் நாம் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான். கட்டடத்தையும் வென்டிலேட்டரையும் அடுத்துக் கேட்கலாம்.

இலங்கை தந்த பாடம்

“மருந்து குடிச்சிட்டான்” என்று யாராவது ஓடிவந்து சொன்னால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் என்ன மருந்து என்று யாரும் கேட்பதில்லை. வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்துதான். அவற்றில் ஆபத்தான ஒரு வகை ஆர்கனோபாஸ்பேட். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். வாயில் எச்சில் பெருகும், உடம்பு வியர்வையில் நனையும், கண்ணின் பாப்பா குண்டூசி முனையளவு சுருங்கும், நாடி தளரும். நுரையீரலுக்குள் சுரக்கும் நீரே மூச்சை அடைக்கும்.

இதற்கு மாற்று மருந்து அட்ரோபின். மிகப் பழைய மருந்து, விலையும் குறைவு. நம் மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பது 0.6 மில்லிகிராம் ஆம்பூல். நிலைமை கடுமையாக இருந்தால் ஒரு செவிலியர் உடைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதுதான் நெடுங்காலம் குழப்பமாக இருந்தது. இப்போது முறை தெளிவாகிவிட்டது. ஒரு அளவு கொடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, நாடி 80-ஐத் தாண்டியதா, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-க்கு மேல் வந்ததா, அக்குள் உலர்ந்ததா, பாப்பா விரிந்ததா? இல்லையென்றால் முன்பு கொடுத்ததைப் போல் இருமடங்கு. மறுபடி ஐந்து நிமிடம். அடங்கியபின் சொட்டுச் சொட்டாகத் தொடர வேண்டும். வங்கதேசத்தின் சிட்டகாங்கில் 156 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு இந்த முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்டது. பழைய முறையில் நோயாளி நிலைப்பட ஏறத்தாழ 150 நிமிடம் ஆனது. புதிய முறையில் 24 நிமிடம். பழைய முறையில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். புதிய முறையில் 8 சதவீதம் பேர். அதே மருந்துதான். மாறியது அதைக் கொடுத்த விதமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் ஆள் நின்று பார்த்ததும்தான்.

நின்று பார்க்கும் வேலை அதோடு முடிவதில்லை. அட்ரோபின் கூடிப்போனால் உடம்பு கொதிக்கும், குடலின் சத்தம் நின்றுபோகும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும், நோயாளி காற்றிலிருந்து எதையோ பறிப்பதுபோல் விரல்களை அசைப்பார். அப்போது குறைக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த விரல் அசைவைக் கவனிக்க அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்றை இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்‌ஷ்மன் கரல்லியத்தவும் 1987-இல் உலகுக்குச் சொன்னார்கள். முதல் நாள் ஆபத்தைத் தாண்டிவிட்ட நோயாளிக்கு, நஞ்சு உட்கொண்ட 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் திடீரென்று மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. எழுந்து பேசி, காபி குடித்து, “இனி பயமில்லை” என்று குடும்பத்தார் சாமிக்கு நேர்ந்துகொண்டு ஊருக்குப் போன பிறகு நேரும் மரணம் இது. பத்து நோயாளிகளைக் கூர்ந்து பார்த்து எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் இதற்கு ‘இடைநிலைக் கோளாறு’ என்று பெயர் வந்தது, சிகிச்சையும் ஒழுங்குபட்டது. சரியான நேரத்தில் செயற்கை சுவாசம் கொடுத்தால், நாட்கள் பிடித்தாலும் பெரும்பாலோர் மீள்கிறார்கள்.

மூச்சுத் தசை தளரும் முன்பே கழுத்துத் தசை தளர்ந்துவிடும். அதனால் சோதனை மிக எளிது. “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க, பார்க்கலாம்” என்று சொல்ல வேண்டும். நேற்று தூக்கியவரால் இன்று முடியவில்லை என்றால் மணி அடித்துவிட்டது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். காலையில் இருபது வரை எண்ணியவர் மாலையில் எட்டில் நின்றால், மருத்துவரை எழுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். நான்கு நாட்கள், ஒவ்வொரு ஷிப்டிலும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டு எழுதிவைக்க ஒருவர் வேண்டும். நாற்பது படுக்கைக்கு இரவில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் இருக்கும் வார்டில் இந்தக் கேள்வி கேட்கப்படாது. அவருடைய குற்றம் அல்ல அது.

பூச்சிமருந்து என்றால் தீவிர சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. இலங்கை 1990-களின் நடுவிலிருந்து மிக நச்சான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. தற்கொலை விகிதம் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. தமிழ்நாடு அரசும் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. 60 நாள் போதாது. அந்தத் தடை நிரந்தரமாக வேண்டும். மனம் உடைந்து நிற்கும் ஒருவர் 104-ஐயோ 14416-ஐயோ அழைத்துப் பேசலாம் என்பதை உரக்கடையின் சுவரில் எழுதிவைப்பதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.

கண் திறக்க முடியாதவருக்குக் காது கேட்கும்

பாம்புக்கடியிலும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வீக்கம் இருக்காது, வலி அதிகம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. இந்த நஞ்சு நரம்பின் முனையையே சிதைத்துவிடுவதால், தசை முடங்கிய பிறகு விஷமுறிவு மருந்து அதை உடனே மீட்டுத் தராது. நரம்பு முனை தானாகத் தழைக்கும் வரை செயற்கை சுவாசம்தான் காப்பாற்ற வேண்டும். சில நாட்கள் தாக்குப்பிடித்தால், பழைய ஆளாக நடந்து வீட்டுக்குப் போவார்.

அந்தச் சில நாட்களில் அவர் அசைவற்றுக் கிடப்பார். கண் திறக்காது, பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்காது. மூளை செத்துவிட்டது என்று தவறாக நினைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவருக்கு நினைவு இருக்கும். சுற்றிப் பேசுவது அத்தனையும் காதில் விழும். அதனால்தான் தேர்ந்த செவிலியர் ஒருவர் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முன், “அண்ணா, இப்போ உங்களை இடதுபக்கம் திருப்பப் போறோம், தொண்டையில சளி எடுக்கும்போது கொஞ்சம் இருமல் வரும்” என்று சொல்லிவிட்டுச் செய்கிறார். மூட முடியாத கண்களில் களிம்பு தடவி மூடிவைக்கிறார். மயக்க மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கிறார். பிழைத்து எழுந்தவர்கள் பிற்பாடு நினைவுகூர்வது அந்தக் குரலைத்தான்.

தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியிருக்கிறது. நல்ல முடிவு. எங்கே, எத்தனை பேர், எந்த நிலையில் வந்தார்கள் என்ற கணக்கு இனி சேரும். ஆனால் கட்டுவிரியன் கடித்தவருக்குச் செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் போகும் 40 கிலோமீட்டரில்தான் பலசமயம் மூச்சு நிற்கிறது. அந்தத் தூரம் முழுக்க முகமூடியை அழுத்திப் பிடித்து, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பூ பையை நிதானமாக அமுக்கத் தெரிந்த கை வண்டிக்குள் இருக்க வேண்டும். அவசரத்தில் வேகவேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியாகி நுரையீரலில் இறங்கும். ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை, மார்பு எழும் அளவுக்கு மட்டும். அனுப்பும் முன்பே சுவாசக் குழாயைப் பொருத்திவிட்டு அனுப்புவது இன்னும் நல்லது.

கையால் அமுக்கிய மாணவர்கள்

இப்படிக் கையால் அமுக்கியதிலிருந்துதான் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே பிறந்தது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை முடங்கியவர்கள் நாளுக்கு நாள் குவிந்தார்கள். இருந்த இயந்திரங்கள் சிலவே. முடங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கச் சொன்னார். இரவும் பகலும் அமுக்க ஆள்? மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தார்கள். இறப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. முடங்கிய குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கிக்கொண்டே கதை படித்துக் காட்டிய மாணவர்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. அங்கே நடந்த புரட்சியை ஒரு ரப்பர் பையின் பெயரில் எழுதிவிட முடியாது. ஒரு நோயாளிக்கு ஒருவர், 24 மணி நேரமும் என்ற ஏற்பாடுதான் அது.

வென்டிலேட்டர் வந்து அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது. கூடவே ஒரு தவறான எண்ணத்தையும் கொடுத்தது: இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று. இயந்திரமே நுரையீரலைக் கிழிக்கும் என்பதை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நிறுவியது. அடிபட்டு விறைத்த நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடை கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் காற்று தள்ளியபோது 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 சதவீதம். இங்கே எடை என்பது தராசு காட்டுவது அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்குப்படி 48 கிலோ. ஒரு மூச்சுக்கு 290 மில்லிலிட்டருக்குள்தான். அதைத் தெரிந்துகொள்ளத் தேவை தையல்காரரிடம் இருக்கும் இஞ்சி டேப். நோயாளியை அனுமதித்ததும் உச்சி முதல் குதிகால் வரை அளந்து, அந்த எண்ணைத் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடும் வழக்கம் உள்ள பிரிவுகளில் பாதித் தவறு நேராது.

2013-இல் பிரான்சிலிருந்து வந்தது குப்புறப் படுக்கவைக்கும் ஆய்வு. நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் போட்டபோது, 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய பலனைக் காட்டிய மருந்து எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. குழாய்கள் ஏதும் கழலாமல் ஓர் ஆளைப் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். முகத்தில் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை தலையைத் திருப்ப வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதத்து வெக்கையில், உடல் முழுக்க மூடிய கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற இதைச் செய்தவர்கள் நம் அரசு மருத்துவமனைச் செவிலியர்களும் பணியாளர்களும்தான்.

குறைத்தால் பிழைக்கிறார்கள்

இதே காலத்தில் வந்த இன்னொரு வரிசை ஆய்வுகள், நாம் அக்கறை என்று நினைத்துச் செய்த பலவற்றைக் கைவிடச் சொல்லின. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, பெரும்பாலோருக்கு 7 வரை பொறுக்கலாம் என்று 1999-இல் கனடாவிலிருந்து வந்தது. சர்க்கரையை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இறப்பு கூடுகிறது என்று 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் காட்டியது. 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்தது உலகையே திடுக்கிட வைத்தது: கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் தளர்ந்து வந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது, ஏற்றாத குழந்தைகளைவிட அதிகம் பேர் இறந்தார்கள். “டாக்டர், ரெண்டு பாட்டில் ஏத்துங்க” என்று கேட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கும் இது தெரிய வேண்டும். திரவம் தேவையா, போதுமா என்பதை அறிய விரல் நுனியை அழுத்தி விட்டுவிட்டு, வெளுத்த இடம் சிவக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது பழைய வழி. மூன்று வினாடிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் போதவில்லை. தென் அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, ரத்தத்தில் லாக்டேட் அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்துச் சிகிச்சை செய்வதைவிட இந்த விரல் சோதனையை வைத்துச் செய்வது எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல என்று காட்டியது. ஆய்வகம் இரவில் பூட்டிக் கிடக்கும் ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

பல் துலக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரின் வாயில் பெருகும் கிருமிகள் குழாயைச் சுற்றி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகின்றன. நம் ஐசியுக்களில் அந்தக் கிருமிகள் பலவற்றுக்கு வலிமையான ஆன்டிபயாடிக்கும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் கிருமிநாசினி திரவத்தால் வாயைத் துடைப்பதே முறையாக இருந்தது. அதன் பயன் இப்போது கேள்விக்குள்ளாகிவிட்டது. 15 ஆய்வுகளைத் திரட்டி 2023 டிசம்பரில் வெளியான கட்டுரை, சாதாரணப் பல்துலக்கியால் நாள்தோறும் துலக்கிவிட்டவர்களுக்கு மருத்துவமனை நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும், ஐசியுவில் இறப்பும் குறைந்தது என்றும் சொல்கிறது. ஒரு பல்துலக்கியின் விலை எல்லோருக்கும் தெரியும். குழாய் நகராமல் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சளியை உறிஞ்சிக்கொண்டே, வாயின் நான்கு மூலையும் துலக்க ஆகும் பத்து நிமிடம்தான் விலை உயர்ந்தது. தலைக்கு இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியரிடம் அந்தப் பத்து நிமிடம் இருக்கும். ஆறு பேரைப் பார்ப்பவரிடம் இருக்காது.

மயக்க மருந்தும் இந்தக் கணக்கில் வருகிறது. ஆழ்ந்து தூங்கவைத்தால் நோயாளிக்கு நிம்மதி என்று நினைத்திருந்தோம். நாளுக்கு ஒருமுறை மயக்கத்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார்கள் என்று 2000-இல் சிகாகோவில் கண்டார்கள். அதோடு தானாக மூச்சு விடவும் சோதித்தால் ஓராண்டு கழித்து உயிரோடு இருப்பவர்களும் கூடினார்கள் என்று 2008-இல் வந்தது. விழித்திருக்கும் நோயாளி குழாயைப் பிடுங்குவார் என்ற பயத்தில் கட்டுத்துணியால் கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டிப்போடும் வழக்கம் நம்மிடம் இன்னும் பரவலாக இருக்கிறது. மணிக்கட்டில் சிவந்த தடத்தோடு வீடு திரும்பியவர்களைப் பலர் பார்த்திருப்பார்கள். கட்டப்பட்டவர்களுக்குச் சித்தக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பெரியவருக்கு அவருடைய மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்கும் கருவியைப் பொருத்துவது, இன்று என்ன கிழமை என்று சொல்வது, இரவில் விளக்கைக் குறைப்பது, வெளியே வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் மகளை உள்ளே விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஆகியவை குழப்பத்தைத் தணிக்கின்றன. நம் மருத்துவமனைகளில் குடும்பம் எப்போதும் வாசலிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் பாடுபட்டு வரவழைக்க வேண்டிய துணை இங்கே கதவுக்கு அந்தப் பக்கம் தயாராக நிற்கிறது. கை கழுவக் கற்றுக்கொடுத்து உள்ளே விட வேண்டும்.

ஆள் எங்கே?

ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனின் குழு 2014-இல் எழுதியது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அது பொது வார்டுக் கணக்கு. ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர், மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒருவர் என்பதே இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்.

நாம் என்ன செய்தோம்? 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தினோம். அது 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா உச்சத்தில் பணிக்கு அழைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டோம். நோயாளிகளைக் குப்புறப் புரட்டக் கற்றுக்கொண்ட கைகள் அவை. அந்தப் பயிற்சி அவர்களோடு வெளியே போய்விட்டது. இது அநீதி, அதோடு பொதுப்பண விரயமும்கூட.

இப்போது ஒன்றிய அரசின் சுகாதார உள்கட்டமைப்புத் திட்டத்தில் மாவட்டங்களுக்கு 50 படுக்கை, 100 படுக்கை தீவிர சிகிச்சைக் கட்டடங்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். 2023-இல் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் ஒரே நாளில் டஜன் கணக்கில் வந்து விழுந்தபோது, முண்டியம்பாக்கமும் ஜிப்மரும் தாங்கிய பாரம் கொஞ்சமல்ல. படுக்கை வேண்டும். ஆனால் படுக்கைக்கான அரசாணையோடு அதற்கான நிரந்தரச் செவிலியர் பணியிடமும் சேர்ந்து வரவில்லை என்றால், திறப்பு விழாவுக்குப் பிறகு வென்டிலேட்டர்கள் உறைபோட்டு மூடியே இருக்கும்.

செஞ்சி அரசு மருத்துவமனையை முண்டியம்பாக்கம் போல் ஆக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சில படுக்கைகள் கொண்ட உயர் கண்காணிப்புப் பிரிவு ஒன்று போதும். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு படுக்கைக்கு ஒரு செவிலியர். அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முண்டியம்பாக்கத்து ஐசியுவில் சில வாரங்கள் பணியாற்றித் திரும்ப வேண்டும். பயிற்சி பெற்றவரை ஆறு மாதத்தில் சுழற்சி என்ற பெயரில் வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது. தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு மேற்படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகின்றன. அந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு அரசு மருத்துவமனைப் பணியிடப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். அட்ரோபின் அளவை எழுதப்பட்ட நெறிமுறைப்படி மாற்றவும், ஆம்பூ பையோடு வண்டியில் ஏறவும் அவருக்கு அதிகாரம் வேண்டும்.

இன்னொன்று, பணமே கேட்காதது. செஞ்சியிலிருந்து அனுப்பப்பட்ட நோயாளி அதன்பின் என்ன ஆனார் என்று அனுப்பிய செவிலியருக்குத் தெரிவதில்லை. சொல்லும் ஏற்பாடு இல்லை. சென்னை மருத்துவர்கள் இலங்கை நண்பர்களோடு சேர்ந்து 2019-இல் தொடங்கிய இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு, ஐசியுவுக்கு வந்த ஒவ்வொருவரின் போக்கையும் பதிந்து மருத்துவமனைகளுக்கே திருப்பிக் காட்டுகிறது. அதன் சிறு வடிவம் இங்கே சாத்தியம். வாரம் ஒருநாள் முண்டியம்பாக்கத்து ஐசியுவிலிருந்து செஞ்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சென்ற வாரம் அனுப்பிய இன்னார் பிழைத்தாரா, எத்தனை நாளில் குழாயை எடுத்தார்கள், வந்து சேர்ந்தபோது ஆக்சிஜன் அளவு என்ன, வழியில் எது தவறியது, எதைச் சரியாகச் செய்திருந்தீர்கள். மறுமுனையில் இருப்பவர் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த நோயாளியை அனுப்பும்போது பார்ப்பார். இதற்கு அரசாணை தேவையில்லை. இரண்டு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களும் பேசிக்கொண்டால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.